பட்டத்தில் கேமராவைக் கட்டிக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை

இந்த வலைப்பக்கத்தைப் படிக்கும் இரண்டு பேர் ஒரே மாதத்தில் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் உயரத்திலிருந்து படம் எடுக்க எங்கே போகலாம், யாராவது தடுப்பார்களா? பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே அது தெரியாது என்று புரிந்தது. சரி, போய்ப் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். பார்த்தாயிற்று. பதில் நீளமானது. எரிச்சலோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. என்னிடம் ட்ரோன் கிடையாது. என் வீடு புதுப்பட்டினத்தில். பக்கத்திலேயே கல்பாக்கம். ட்ரோனை எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசு வரைபடத்தில் எங்கள் தெரு சிவப்பாகத்தான் இருக்கிறது. அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் எதையும் பறக்கவிடக்கூடாது என்பது நியாயம், அதில் எனக்குச் சண்டை இல்லை. என்னிடம் இருப்பது பட்டம். குடைத்துணியில் நானே தைத்த முக்கோணப் பட்டம், விரித்தால் என் இரண்டு கைகளையும் நீட்டிய அகலத்தைவிடப் பெரியது. அதன் நூலில், பட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு மரச்சட்டத்தில் பழைய கேமரா தொங்கும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை தானாகவே படம் எடுத்துக்கொள்ளும். காற்று அடித்தால் மேலே போகும், அடிக்காவிட்டால் மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான். இவ்வளவு சாதுவான பொழுதுபோக்குக்கு யார் குறுக்கே வரப்போகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

என் கணவர் சிவகுமார் அப்படி நினைக்கவில்லை. அவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். காவல் நிலையம் என்று எழுதிய பலகையைத் தாண்டும்போதுகூட ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைப்பவர். கிளம்புவதற்கு முதல்நாள் போனில் எதையோ நெடுநேரம் படித்துவிட்டு வந்தார்.

"கவிதா, விமானச் சட்டத்துல விமானம்னா என்னன்னு விளக்கம் போட்டிருக்கான். பலூன், கிளைடர், அப்புறம் பட்டம். பட்டமும் விமானம்தான்."

"மொட்டை மாடியில பசங்க விடறது?"

"அதுவும்தான்."

ஆக, காலை ஆறரைக்கு ஒரு விமானத்தைக் கோணிப்பையில் சுற்றி, இருவருக்கும் நடுவில் செருகிக்கொண்டு, ஸ்கூட்டரில் புறப்பட்டோம்.

புதுப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். சாலை நன்றாகவே இருக்கிறது. திருக்கழுக்குன்றத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பொங்கல், வடை, காபி. இரண்டு பேருக்கும் நூற்று நாற்பது ரூபாய். வடை சூடாக இருந்தது. அந்த நாளில் நான் குறை சொல்லாத விஷயம் அது ஒன்றுதான்.

எட்டு மணிக்குக் கொளவாய் ஏரி. ரயிலில் போனவர்களுக்கு அதைத் தெரியும், தண்டவாளத்தை ஒட்டியே தண்ணீர் கிடக்கும். தண்டவாளம் இருக்கும் பக்கம் பட்டத்தோடு போகவே போகாதீர்கள். மேலே மின்கம்பி, நூல் பட்டால் உயிர் போய்விடும். நாங்கள் தள்ளி, கம்பியோ மரமோ இல்லாத கரையில் நின்றோம். பட்டத்தின் குச்சிகளைப் பொருத்தி முடிப்பதற்குள் ஒரு காவலர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்.

"இன்னா மேடம் இது?"

"பட்டம் சார்."

"பட்டம் தடை பண்ணிருக்கு, தெரியாதா? மாஞ்சா நூலு கழுத்த அறுத்து எத்தினி பேரு செத்துருக்கான்."

தடை மாஞ்சா நூலுக்குத்தான், என்னுடையது வெறும் பருத்திக் கயிறு என்று சொல்லி, நூல்கண்டை நீட்டினேன். மனிதர் நேர்மையானவர். நூலை விரலில் தேய்த்துப் பார்த்தார், சட்டைக் கையிலும் தேய்த்துப் பார்த்தார்.

"மாஞ்சா இல்லதான். கண்ணாடி இல்ல." கொஞ்சம் யோசித்தார். "அது இன்னா கேமரா?"

சொன்னேன்.

"அப்ப ட்ரோனுதானே?"

"மோட்டாரே இல்ல சார். நூல்ல கட்டியிருக்கு."

"மேல போயி படம் புடிக்குதா இல்லியா? அப்ப ட்ரோனுதான். பர்மிஷன் லெட்டர் வேணும்."

யாரிடம் வாங்குவது என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றார். எந்தச் சட்டத்தின்கீழ் என்று கேட்க வாயைத் திறந்தேன். சிவகுமார் என் முழங்கையைப் பிடித்தார். அதே நேரத்தில் தலைக்கு மேலே ஒரு பெரிய வண்டு போலச் சத்தம். கரையில் நூறடி தள்ளி ஒரு கல்யாண ஜோடி கைகோத்து நடந்துகொண்டிருந்தது. அவர்களைச் சுற்றி நான்கு விசிறிகளோடு ஒரு நிஜ ட்ரோன் வட்டமடித்தது. நான் கையை நீட்டிக் காட்டினேன்.

"அது கல்யாண ஷூட்டிங் மேடம்," என்றார் காவலர். "அவங்க தொழிலு. நீங்க சும்மாதானே எடுக்குறீங்க?"

சும்மா எடுப்பதுதான் குற்றம். இதற்குமேல் என்ன சொல்ல? குச்சிகளைக் கழற்றி மறுபடி பையில் போட்டேன். சிவகுமார் காவலருக்கு இரண்டு முறை நன்றி சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வந்த வழியிலேயே திருக்கழுக்குன்றம் திரும்பி, அங்கிருந்து மாமல்லபுரம். சுமார் முப்பது கிலோமீட்டர், நிதானமாகப் போனால் ஒரு மணி நேரம். கடற்கரைக் கோயிலுக்கு மேலே பட்டம் விடும் எண்ணம் எனக்கு இல்லை, பாதுகாக்கப்பட்ட இடங்களில் அதை யாரும் செய்யவும் கூடாது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆளுக்கு நாற்பது ரூபாய் டிக்கெட் எடுத்தோம். வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னார். பட்டத்துக் குச்சிகளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"கேமரா ஸ்டாண்டுக்கு அனுமதி இல்லம்மா."

"இது ஸ்டாண்டு இல்ல, பட்டத்துக் குச்சி."

"மூணு குச்சி கீது, கேமரா கீது. ஸ்டாண்டு இல்லாம வேற இன்னா?"

பையை வைக்க இடம் இல்லை. ஒருவர் வெளியே காவல், மற்றவர் உள்ளே என்று முறைவைத்துப் பார்த்தோம். உள்ளே நீளக் குச்சியில் போனை மாட்டிக்கொண்டு ஒரு கூட்டமே படம் எடுத்துக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாடு ஆளுக்கு நூற்று இருபது ரூபாய். சாப்பிடும்போது சிவகுமார், "போதும், வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். நான் முடியாது என்றேன். பொது இடத்தில் நின்று ஒரு படம் எடுக்க எனக்கு உரிமை இருக்கிறது, ஒரே ஒரு தடவையாவது அந்தப் பட்டம் மேலே போகாமல் நான் வீடு திரும்பமாட்டேன் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஈசிஆர் சாலையில் வடக்கே சில கிலோமீட்டர் போய், ஒரு மீனவர் குப்பத்தின் பக்கம் திரும்பினோம். குப்பத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்று படித்தால் தெரியும். ஒரு பக்கம் குப்பம், ஒரு பக்கம் சுற்றுச்சுவரோடு ஒரு ரிசார்ட், நடுவே கடற்கரை. வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த நடுத்தர வயது மனிதரிடம் போய், பட்டத்தைக் காட்டி, படம் எடுக்கலாமா என்று கேட்டேன். அவர் பெயர் ஏழுமலை என்று பிறகு தெரிந்தது.

"யார் யாரோ எடுத்துகினுதான் போறாங்க. நீயும் எடுத்துக்கோம்மா," என்றார் தலையை நிமிர்த்தாமல்.

அலை ஓரத்தில் நின்று பட்டத்தை விட்டேன். கடல் காற்று அதை வாங்கிக்கொண்டது. நூல் கையில் இழுக்க, கேமரா ஆடியபடி மேலே மேலே போயிற்று. காலையிலிருந்து நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போல இருந்தது. சிவகுமார்கூட அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். காற்று கடலிலிருந்து அடித்ததால் பட்டம் கரைக்கு மேலே, குப்பத்து வீடுகளுக்கு மேலே போய் நின்றது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. அலுமினிய அன்னக்கூடையை இடுப்பில் வைத்தபடி ஒரு பெண் மணலில் வேகமாக வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பின்னால் நான்கைந்து பெண்கள்.

"ஏம்மா, யாரைக் கேட்டு எங்க வூட்டு மேல வுட்டிருக்கிற?"

கேட்டுத்தான் விட்டேன் என்று ஏழுமலையைக் காட்டினேன்.

"அவரு இன்னா, ஊரா? வூட்டுக்காரி என்னைக் கேட்டியா?"

அந்தப் பெண்தான் அஞ்சலை, மீன் வியாபாரம் செய்கிறவள். காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அவள் மேல் கொட்டினேன். இது பொதுக் கடற்கரை, இங்கே நின்று படம் எடுக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, நான் யார் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை என்று மூச்சு விடாமல் பேசினேன். நான் முடித்ததும் கையை நீட்டிக் குப்பத்தின் பக்கம் காட்டினாள்.

"அங்க கீத்து மறைப்பு தெரியுதா? பொம்பளைங்க குளிக்கிற எடம். அதுக்குக் கூரை கீதா பாரு."

பார்த்தேன். நான்கு பக்கமும் தென்னங்கீற்று. மேலே வெறும் வானம். என் கேமரா நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

நூலைச் சுற்ற ஆரம்பித்தேன். பட்டத்தை இறக்குவது சுலபமில்லை, காற்று விடமாட்டேன் என்கிறது. நான் சுற்றச் சுற்ற, கேமரா பாட்டுக்கு ஐந்து விநாடிக்கு ஒருமுறை எடுத்துக்கொண்டே இருந்தது. சிவகுமார் ஓடிவந்து நூலைப் பிடித்தார். அஞ்சலையும் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து பிடித்தாள். "இந்தக் கயிறெல்லாம் இப்பிடியா இழுப்பாங்க," என்று என்னைத் திட்டிக்கொண்டே இழுத்தாள்.

மணலில் உட்கார்ந்து கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொரு படமாகக் காட்டினேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மறைப்புக்குள் அப்போது யாரும் இல்லை, நல்லவேளை. ஆனாலும் துணி காயப்போட்ட கொடி, தண்ணீர்க் குடம், எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. "அழி" என்றாள் அஞ்சலை. அழித்தேன். "இதையும்." அழித்தேன். போன வருடம் இப்படித்தான் யாரோ ட்ரோன் விட்டதாகவும், கொஞ்ச நாளில் ஆட்கள் வந்து வீடுகளை அளந்து கல் நட்டுவிட்டுப் போனதாகவும் சொன்னாள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனால் மேலே எது பறந்தாலும் அவள் கூடையோடு ஓடிவந்துவிடுகிறாள்.

முப்பது படம் அழிந்திருக்கும். அடுத்ததை நகர்த்தியபோது ஏழுமலை, "நில்லு நில்லு" என்றார்.

அதில் வீடுகள் இல்லை. ரிசார்ட்டின் சுவரும் கடற்கரையும்தான். மணல்மேடு முழுக்க அடப்பங்கொடி பச்சையாகப் படர்ந்திருந்தது. அந்தப் பச்சைக்கு நடுவே, குப்பத்திலிருந்து கடல்வரை, வெளுத்த கோடு ஒன்று வளைந்து போயிற்று. பாதி வழியில் ரிசார்ட்டின் கம்பிவேலி அதைக் குறுக்கே வெட்டியது. வேலிக்கு அந்தப் பக்கமும் கோடு நிற்காமல் தொடர்ந்தது.

"எங்க வழி," என்றாள் அஞ்சலை. குரல் மாறியிருந்தது.

விஷயம் இதுதான். ஆறு மாதத்துக்கு முன்னால் சுவருக்கு வெளியே, கடற்கரை மணலில் ரிசார்ட்காரர்கள் வேலி போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து படகிலிருந்து மீனைத் தலையில் ஏற்றி வரும் பெண்கள் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. வழியை மறித்துவிட்டீர்களே என்று கேட்டால், இங்கே வழியே இருந்ததில்லை, வெறும் கொடி மண்டிய இடம் என்று சொல்லிவிட்டார்களாம். கீழே நின்று பார்த்தால் கொடிதான் தெரிகிறது. கால் பட்டுப் பட்டுக் கொடி முளைக்காமல் போன தடம் மேலேயிருந்து பார்த்தால்தான் தெரிகிறது.

"திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறோம். இந்தப் படத்த குடு," என்றார் ஏழுமலை.

சிவகுமார் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். "கவிதா, யார் எடுத்ததுன்னு கேப்பாங்க. எதால எடுத்தீங்க, பர்மிஷன் இருக்கான்னு கேப்பாங்க. காலையில ஒரு போலீஸ்காரர் வேணாம்னு சொல்லியிருக்கார். என் ஆபீஸ்ல தெரிஞ்சா நான் என்ன சொல்வேன்?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. காலையிலிருந்து உரிமை உரிமை என்று கத்தியவள் நான். அந்த உரிமையால் ஒருவருக்குப் பிரயோசனம் வரும்போது, கொடுக்காமல் இருக்க ஒரு நல்ல காரணம் கிடைக்காதா என்று நானும் உள்ளுக்குள் தேடிக்கொண்டுதான் இருந்தேன். வெட்கமாக இருந்தது.

அதற்குள் ரிசார்ட்டிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட மேற்பார்வையாளர் ஒருவர் வந்துவிட்டார்.

"மேடம், இங்க போட்டோ எடுக்கக் கூடாது. பிரைவேட் பிராப்பர்ட்டி. எடுத்ததை டெலீட் பண்ணுங்க."

"நாங்க நிக்கிறது கடற்கரை," என்றேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்க கெஸ்ட்டுங்க பிரைவசி இருக்கு."

பெண்கள் குளிக்கும் இடத்துக்காக அழித்தேன். இவருடைய வேலிக்காகவும் அழிக்க வேண்டுமா? முடியாது என்றேன். உடனே அவர் தன் போனை எடுத்து எங்களைப் படம் எடுக்க ஆரம்பித்தார். என் முகம், அஞ்சலையின் முகம், பிறகு நடந்துபோய் எங்கள் ஸ்கூட்டரின் நம்பர். படம் எடுக்கக்கூடாது என்று சொல்ல வந்தவர்!

சிவகுமார் அவர் பின்னாலேயே போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"நம்பர் சரியா விழுந்துச்சா சார்?" என்று கேட்டார். "இல்லன்னா இன்னொரு தடவை எடுங்க. நாங்க எடுத்ததும் எங்ககிட்ட இருக்கு. அதை இவங்களுக்குத்தான் கொடுக்கப் போறோம்."

இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கேமராவை என் போனோடு கேபிளில் இணைத்து, அஞ்சலையின் மகளுடைய போனுக்கு அந்தப் படத்தை அங்கேயே அனுப்பினோம். "எடுத்தவங்க பேரு போடணுமாம்," என்றார் ஏழுமலை. என் பெயரையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்தேன். புதுப்பட்டினம் வந்ததும் சிவகுமார், "ஒரு டீ சாப்பிடலாமா?" என்றார்.

பத்து நாள் கழித்துத் தாலுகா அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பட்டத்தோடு போனேன். சிவகுமார் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தார். அதிகாரி "பட்டமா?" என்று மூன்று முறை கேட்டார். விரித்துக் காட்டச் சொன்னார். அலுவலகமே எழுந்து வந்து பார்த்தது. கடைசியில், இந்தப் படத்தை ஆதாரமாக ஏற்க முடியாது, ஆனால் நேரில் அளந்து பார்க்கிறோம் என்றார். அதைச் சொல்ல ஒரு காலை நேரம் முழுக்க ஆயிற்று. அளந்தார்கள். வேலியில் இரண்டு கம்பங்களைப் பிடுங்கி, கூடையோடு ஒருவர் போகிற அளவுக்கு வழி விட்டிருக்கிறார்கள். மீதி வேலி அப்படியே நிற்கிறது. அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் ரிசார்ட்காரர்கள் 'படம் எடுக்கத் தடை' என்று புதிதாக ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். எந்தச் சட்டப்படி என்று பலகையில் இல்லை.

கேட்ட இரண்டு வாசகர்களுக்கும் என் பதில். ட்ரோன் வைத்திருந்தால் முதலில் அரசு வரைபடத்தைப் பாருங்கள். கல்பாக்கம் பக்கம் எதையும் பறக்கவிடாதீர்கள், பட்டத்தையும்தான். பட்டம் விடுபவர்கள் பருத்தி நூல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நூலைக் காட்டினால் பாதிக் கேள்வி குறையும். கொளவாய் ஏரிக்குப் போவதென்றால் முன்னதாகக் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். பதில் வராது, ஆனால் கொடுத்த நகல் கையில் இருக்கும். மாமல்லபுரத்தில் குச்சி போல எதையும் கொண்டு போகாதீர்கள். யாராவது படத்தை அழிக்கச் சொன்னால், அவர் ஏன் கேட்கிறார் என்று முதலில் கேளுங்கள். எல்லாக் காரணமும் ஒரே மாதிரி இல்லை. குப்பத்தில் ஆண்களிடம் மட்டும் அனுமதி கேட்டுவிட்டு ஆரம்பிக்காதீர்கள். வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். சட்டத்தில் அப்படி எழுதியிருக்காது.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி அங்கே போனேன். இந்தமுறை நேராக அஞ்சலை வீட்டுக்கு. அவள் என்னை வரவேற்கவில்லை. "அன்னிக்கி எங்க வூட்டுப் படமெல்லாம் அழிச்சியே, எல்லாம் அழிஞ்சிச்சா?" என்றாள். அழித்துவிட்டேன் என்றேன். "காட்டு."

கேமராவைக் கொடுத்தேன். மீன் செதில் ஒட்டிய கட்டைவிரலால் முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை அவளே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எனக்கு அவசரம் இருந்தது, காற்று குறைந்துகொண்டிருந்தது. அவளுக்கு இல்லை. பார்த்து முடித்துவிட்டு மறைப்பின் பக்கம் எட்டிப் பார்த்து யாரையோ கூப்பிட்டாள். பதில் வந்தது.

"எல்லாம் குளிச்சிட்டு வந்துட்டாங்க," என்றாள் கேமராவைத் திருப்பிக் கொடுத்து. "இப்ப வுடு."